ஃபெயிலானால் தங்கலாம்

எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பையன் குடிவந்த நாளில் அப்பா அடைந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எனக்கு லாயர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோதுகூட அவர் அவ்வளவு பூரிக்கவில்லை. காரணம் எளிது. சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர் அப்பா. அத்தனை வருடமும் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், அவர் பெயரைக் கூப்பிட்டு, வராத நாளைக் குறித்து, "நீயெல்லாம்" என்று தொடங்கிப் பேசியவர் சிலோன்கார கிராணி ஒருவர். கிராணி என்றால் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. அப்பாவின் கணக்கில் கடவுளுக்கும் ஒரு படி மேல். கடவுளாவது பெயரைச் சொல்லிக் கத்துவதில்லை.

எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து ஒரு மலிவு வீட்டில் ஏறினோம். அப்பா தொழிற்சாலை வாசலில் ஜாகாவானார், காவல்காரர். இப்போது அதே சிலோன் பேச்சோடு ஒருவன் வாசலில் பெட்டியும் கையுமாக நின்று, "ஐயா, அறை இருக்கோ?" என்று பணிவாகக் கேட்கிறான்.

"வாங்க கிராணியாரே. ரூமு இருக்கு. ஆனா பெரட்டு காலையில அஞ்சரைக்கு. பரவால்லையா?" என்றார் அப்பா.

பெரட்டு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. "ஓம் ஐயா," என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் கிராணியார்தான். அவனுக்கு அப்போது இருபது வயது. எனக்கு இருபத்தாறு.

அவன் ஏன் ஈப்போவுக்கு வந்தான் என்பது பலருக்குப் புரியவில்லை. ஊரில் நல்ல மார்க் எடுத்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லையாம். ஈப்போவில் தூரத்து உறவில் ஒரு மாமா இருந்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். பெரிய பங்களா. அதில் அறைகள் நிறைய இருந்தன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு கௌரவம் இருந்தது, ஆள் படுக்க இடமில்லை. மருமகனுக்குத் தேநீர் கொடுத்து, "கெட்டிக்காரனாப் படிச்சுக் குடும்பப் பேரைக் காப்பாற்று" என்று வாழ்த்தி, எங்கள் பக்கத்துத் தெருவரை காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். எங்கள் தெருவுக்குள் கார் நுழைந்தால் கீறல் விழும் என்று பயம்.

படிக்க வந்தது கணக்கியல். ஒரு செருப்புக் கடைக்கு மேல் இரண்டு மாடிகளில் இயங்கிய தனியார் கல்லூரி. பாடம் இங்கே, பரீட்சைத் தாள் மட்டும் லண்டனிலிருந்து வரும். இரண்டு வருடம் படித்துப் பாஸானால் ஊருக்குத் திரும்ப வேண்டும். மாணவர் விசா அதற்குத்தான். அவனுக்கும் அதுதான் ஆசை. கொழும்பில் அண்ணன் வேலை பார்க்கிறான், தானும் அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே திட்டம் சொல்வான்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலைக் கடைசியில் அந்தத் திட்டம் எரிந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித்தேடிக் கொளுத்துகிறார்கள் என்று ரேடியோவில் கேட்டோம். அவன் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பான். மூன்று வாரம் கழித்து அவனுடைய அம்மாவின் கடிதம் வந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறான், அகதி முகாமிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தான், ஒரு காது கேட்கவில்லை. கடைசி வரியை அவன் எனக்கு வாசித்துக் காட்டினான். "நீ இங்க வராதை. என்ன நடந்தாலும் வராதை."

அந்த ஒரு நாள் அப்பா அவனைக் கிராணியார் என்று கூப்பிடவில்லை.

ஈப்போவிலுள்ள பெரிய மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு மண்டபத்தில் கண்டனக் கூட்டம் நடத்தினார்கள். மாமாதான் தலைவர். இவனை மேடையில் ஏற்றி, "இதோ, பாதிக்கப்பட்ட நம் பிள்ளை" என்று காட்டி, கைதட்டல் வாங்கி, படம் பிடித்துக்கொண்டார்கள். தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. இவனை எங்கே தங்கவைப்பது, விசா முடிந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் எந்தத் தீர்மானமும் இல்லை. கூட்டம் முடிந்ததும் கேசரி கொடுத்தார்கள். அவன் அதை எங்களுக்காகக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தான்.

டிசம்பரில் கடைசிப் பரீட்சை. அதன் பிறகு அவன் மாணவன் இல்லை, ஊருக்குப் போக வேண்டியவன். நான் என் முதலாளியிடம் கேட்டேன். நல்ல மனிதர், நிலப் பத்திரமும் மோட்டார் சைக்கிள் விபத்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடைக்கலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து போய் ஒரு தடித்த புத்தகத்தைத் தூசி தட்டினார். அரை மணி நேரம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த நாட்டுச் சட்டத்துல அகதின்னு ஒரு ஆளே கிடையாதும்மா. டூரிஸ்ட் இருக்கு, ஸ்டூடண்ட் இருக்கு, வேலைக்கு வந்தவன் இருக்கு, திருட்டுத்தனமா வந்தவன் இருக்கு. உங்க பையன் இதுல ஒண்ணாத்தான் இருக்கணும்லா."

"அப்ப என்ன சார் செய்யறது?"

"எதுக்கும் ஒரு லெட்டர் போட்டு வைப்போம். லெட்டர் போட்டா யாரும் செத்துப் போறதில்ல."

ஒரே நாளில், ஒரே மிஷினில், அவனுக்காக இரண்டு கடிதம் அடித்தேன். ஒன்று, பரீட்சை முடியும்வரை மாணவர் விசாவை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பம். அதில் "படிப்பு முடிந்ததும் தாமதமின்றி என் நாட்டுக்குத் திரும்புவேன் என உறுதியளிக்கிறேன்" என்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நீட்டிக்க மாட்டார்கள். இன்னொன்று அடைக்கலம் கேட்டு; அதில் "எந்த நிலையிலும் என் நாட்டுக்குத் திரும்ப இயலாது" என்று இருந்தாக வேண்டும். இரண்டிலும் அவன் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டான். முதலாளி இரண்டையும் படித்துப் பார்த்து, "ரெண்டும் நல்லா இருக்கு. ஒரே கவர்ல மட்டும் போட்டுராதே," என்றார்.

குடிநுழைவு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அதிகாரி நடுவயதுக்காரர், பொறுமைசாலி. விசா விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தினார். அடைக்கலக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மேசைக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து பாரங்களை, அதாவது விண்ணப்பப் படிவங்களை, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"படிப்பைத் தொடர பாரம் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ள இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் இருக்கிறது," என்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். "நீங்கள் கேட்பதற்கு மட்டும் இல்லை லா. வியட்நாமிலிருந்து படகில் வருகிறவர்களுக்குக் கோலாலம்பூரில் ஓர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள்."

அடுத்த வாரம் கோலாலம்பூர். அந்த ஆபீஸில் ஒரு பெண் எங்களை உட்காரவைத்து, அன்பாகப் பேசி, ஒரு பாரத்தை நீட்டினார். முதல் கேள்வி, எந்தப் படகு. இரண்டாவது, எந்தக் கடற்கரையில் இறங்கினீர்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். படகுக்கு நேராக "விமானம்" என்றும், கடற்கரைக்கு நேராக "சுபாங் விமான நிலையம்" என்றும் எழுதினான். அந்தப் பெண் அதை வாசித்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"உங்களிடம் செல்லுபடியாகும் மாணவர் விசா இருக்கிறதே. இப்போதைக்கு உங்களுக்கு ஆபத்து இல்லை. விசா முடிந்த பிறகு வாருங்கள்."

"விசா முடிஞ்சா என்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பிவிடுவினமே?" என்று அவன் என்னிடம் தமிழில் கேட்டான்.

நான் மொழிபெயர்த்தேன். "ஆமாம், அதனால் விசா முடிவதற்கு முன்னால் வந்துவிடுங்கள்," என்றார் அந்தப் பெண். சொன்ன பிறகுதான் அவருக்கே ஏதோ இடித்தது. எழுந்து போய் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது முதலாளி வெகுநேரம் சிரித்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோலக் கதவைச் சாத்தினார்.

"மாணவனுக்குத்தான் இங்க இடம். மாணவன் எப்ப மாணவனா இல்லாமப் போவான்? பாஸ் பண்ணினா. நான் ஒண்ணும் சொல்லல. நான் ஒரு லாயர்."

அவன் புரிந்துகொண்டான். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். வகுப்பில் முதலாவதாக வருவதைத் தவிர வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத பையன். இப்போது அவனைத் தோற்கச் சொல்கிறார்கள்.

டிசம்பரில் மற்றத் தாள்களை எல்லாம் ஒழுங்காக எழுதினான். கடைசித் தாள் காஸ்டிங், பொருள் செய்ய ஆகும் செலவைக் கணக்கிடுவது. அதில் தோற்றான். தோற்பது சுலபமில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெற்றுத்தாளைக் கொடுத்தால் சந்தேகம் வரும். எல்லாவற்றையும் தப்பாக எழுதினாலும் வரும். கொஞ்சம் தெரிந்தவன், ஆனால் போதாதவன் என்று தெரிகிற மாதிரி எழுத வேண்டும். பரீட்சை முடிந்து வந்தவன் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. கேள்வித்தாளை எங்கள் சமையலறை மேசையில் விரித்து, ஐந்து கேள்விக்கும் சரியான விடையை முழுசாக எழுதி முடித்தான். கோடெல்லாம் அடிக்கோலால் போட்டான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"சரியோ எண்டு பாருங்கோ அக்கா."

எனக்குக் காஸ்டிங் தெரியாது. வரிவரியாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, "எல்லாம் ரைட்டு," என்றேன். அதன் பிறகுதான் சோற்றில் கை வைத்தான்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. அம்மாவிடம் சொன்னால் தெருவுக்கே தெரியும். ரிசல்ட் வந்து அவன் ஃபெயில் என்றதும் விசா ஜூன் பரீட்சைவரை நீண்டது. அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்து, "பாவம், மூளையில சத்தில்ல," என்று முடிவு செய்துவிட்டார். மறுநாளிலிருந்து வல்லாரைக்கீரை. துவையல், கூட்டு, சாறு. ஞாபக சக்திக்கு நல்லதாம். பசாரில் எந்த மலாய்க்காரப் பாட்டி கீரை விற்றாலும் அதில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது. அவன் மறுவார்த்தை பேசாமல் மாதக்கணக்கில் அதைத் தின்றான். தின்ற பிறகும் ஜூன் பரீட்சையில் அதே தாளில் ஃபெயிலானான். அம்மா கீரையை இரண்டு மடங்காக்கினார்.

மாமா தம் பங்குக்கு நேரில் வந்தார். இந்த முறை கார் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. கோபம் கீறலைவிடப் பெரியது.

"எங்கட குடும்பத்தில ஒருத்தனும் சோதினையில தவறினதில்லை! தோட்டத்து ஆக்களோட சேர்ந்து இருந்தா இப்பிடித்தான் வரும்!" என்று எங்கள் வரவேற்பறையில், எங்கள் நாற்காலியில் அமர்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே கத்தினார்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஆமாங்க ஐயா. எங்களோட ஒரே பேச்சா பேசிப்பேசி புள்ளைக்குக் கணக்கே மறந்துபோச்சு. நீங்க வேணும்னா கூட்டிட்டுப் போயி உங்க வீட்டுல வச்சுப் படிக்க வைங்களேன்," என்றார்.

மாமாவுக்குத் திடீரென்று ஒரு முக்கியமான வேலை ஞாபகம் வந்தது. காப்பியை மட்டும் முடித்துவிட்டுப் போனார்.

கல்லூரி முதல்வரின் நிலைதான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. காஸ்டிங் வாத்தியார் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பாடம் நன்றாகத் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான் என்று மாணவர்கள் சொல்ல, இரண்டு முறை அதே பாடத்தில் தோற்றவனைப் பாடம் நடத்தச் சொன்னார் முதல்வர். இவனும் நடத்தினான். இவனிடம் படித்தவர்கள் பாஸாகிப் போனார்கள். முதல்வர் அவனை அழைத்து, "உனக்குப் பரீட்சை பயம், தம்பி. தியானம் பண்ணு," என்றாராம்.

அவனுடைய அக்காவும் அத்தானும் ஏற்கெனவே கனடாவில் குடியேறியிருந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு, சொந்தக்காரர்கள் அங்கே இருக்கும் இலங்கைத் தமிழருக்குக் கனடா கொஞ்சம் கதவைத் திறக்கிறது என்று அத்தான் எழுதினார். மறுபடியும் என் மிஷின், மறுபடியும் கடிதம். அந்த வருடக் கடைசியில் கோலாலம்பூரில் இருந்த கனடாத் தூதரகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நான் லீவு போட்டுக் கூடப் போனேன். என்னை உள்ளே விடவில்லை. வெளியே பனிமலைப் படத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவனோடு புடுராயா பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னான். உள்ளே இருந்த வெள்ளைக்கார அதிகாரி அவன் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: மற்ற எல்லாத் தாளிலும் முதல் தரம், இந்த ஒன்றில் மட்டும் இரண்டு முறை தோல்வி, ஏன்?

"நீ என்னா சொன்னே?"

"உள்ளதைச் சொன்னன்."

"உள்ளதையா? என்னான்னு?"

"பாஸ் பண்ணினா என்னை அனுப்பிவிடுவினம், அதாலதான் வேணுமெண்டு தவறினனான் எண்டு."

"ஏன்டா? விசாவுக்குப் பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரிலா ஆச்சு! பரீட்சை பயம்னு சொல்லியிருக்கலாம்ல? முதல்வர்கூட அப்படித்தானே நெனச்சாரு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒரு வரியமா எல்லாரும் என்னை மக்கன் எண்டு நினைக்கினம் அக்கா. ஒராளுக்காவது சொல்ல வேணும் போல இருந்தது."

அதன் பிறகு நான் அவனைத் திட்டவில்லை.

பதில் வரவில்லை. டிசம்பரில் மூன்றாவது பரீட்சை வந்தது. கல்லூரி விதிப்படி மூன்று முறைதான் எழுதலாம். தோற்றால் வெளியே அனுப்புவார்கள், விசா போகும். பாஸானால் படிப்பு முடியும், விசா போகும். முதலாளியிடம் யோசனை கேட்டோம். "இனிமே நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. பையனுக்கு எது இஷ்டமோ எழுதட்டும்," என்றார். ஒரு வக்கீலிடமிருந்து நான் கேட்ட மிகச் சுருக்கமான ஆலோசனை அதுதான்.

பரீட்சையன்று சாயங்காலம் அவன் சைக்கிளை நிறுத்தும்போதே தெரிந்துவிட்டது. "எழுதினன் அக்கா. எல்லாம் எழுதினன்," என்று வாசலிலிருந்தே சொன்னான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ரிசல்ட்டில் கல்லூரியிலேயே அவன்தான் முதல். முதல்வர் அவன் படத்தைப் பெரிதாக்கிச் செருப்புக் கடைக்கு மேலே மாட்டினார். மாமா இனிப்புப் பொட்டலம் அனுப்பினார். அம்மா வல்லாரையின் மகிமையைத் தெருவெல்லாம் சொல்லி, எங்கள் வரிசையில் பாதிப் பிள்ளைகளின் நாக்கைக் கெடுத்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அவன் மட்டும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவன் ஆகியிருந்தான்.

பழைய கவுண்டருக்கே போனோம். அதே அதிகாரி. எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "பாஸ் பண்ணிவிட்டாயா?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பாரத்தை எடுத்தார். நாட்டைவிட்டுப் போவதற்குள் இரண்டு வாரம் தங்க அனுமதி. காரணம் என்ற கட்டத்தில் அவரே எழுதினார்: விமானத்துக்காகக் காத்திருக்கிறார்.

"எந்த விமானம் என்று கேட்க மாட்டீர்களா?" என்று கேட்டேன்.

"பாரத்தில் அந்தக் கேள்வி இல்லை," என்றார்.

அப்படி நான்கு மாதம் அந்த விமானம் தாமதமாகிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவன் போவான், அவர் முத்திரை குத்துவார். கடைசி இரண்டு முறை அவர் தலையைச் சொறிந்தார். அடுத்த முறை தன்னால் முடியாது, மேலே கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு வாரமும் அவன் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அப்பா தனக்குத் தெரிந்த ஒரு மரக்கறித் தோட்டக்காரரிடம் பேசிவைத்திருந்தார், கேமரன் மலையில் ஒளித்துவைக்க. சட்டத்தை மதிக்கும் ஜாகா அவர்.

தவணை முடிய ஐந்து நாள் இருக்கும்போது கனடாக்காரர்களின் கடிதம் வந்தது. அவன் பிரிக்கப் பயந்து என் ஆபீஸுக்கே எடுத்து வந்தான். நான் பிரித்தேன். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, பிறகு எனக்கு அரை நாள் லீவு கொடுத்தார். ஏழு வருடத்தில் நான் கேட்காமல் கிடைத்த ஒரே லீவு.

சுபாங் விமான நிலையத்துக்கு அம்மாவும் அப்பாவும் நானும் போனோம். மாமா வரவில்லை, ஆனால் தலைவர் என்று அச்சடித்த தாளில் வாழ்த்து எழுதி அனுப்பியிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓர் அதிகாரி அவன் பாஸ்போர்ட்டை வெகுநேரம் புரட்டினார். அதில் அத்தனை முத்திரைகள் இருந்தன. கடைசியில் அவரும் ஒன்று குத்தினார். அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். திரும்பினால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்ற பயமாக இருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்தார்.

"அங்க எறங்குனதும் இவன எவனாச்சும் திருப்பி அனுப்பிருவானா?" என்று கேட்டார்.

"மாட்டாங்கப்பா. பேப்பர்லாம் சரியா இருக்கு."

"ம்," என்றார். தாப்பாவில் மழை பிடித்தது. அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.